கயிறு விழாத அரை மணி நேரம்

அத்தியாயம் பதினேழு

சொந்த அண்ணனின் களவைக் கையோடு பிடிக்க வேண்டும் என்று ஒருத்தி காலையிலேயே போத்தலில் தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு வெயிலில் வந்து நிற்கிறாள் என்றால், அது நம்முடைய லூசியாவாகத்தான் இருக்க முடியும்.

அவள் நின்ற இடம் நாவலடித்துறை றெயில் கடவை. பெயர்தான் கடவை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் எப்போதோ பங்கர்களுக்குப் போய்விட்டன. இப்போது மிச்சம் இருப்பது றோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பனை, அந்தப் பக்கம் ஒரு பனை, பக்கத்தில் நேவிக்காரனின் காவல் கொட்டில். இன்றைக்கு மட்டும் இரண்டு பனைகளுக்கும் இடையில் தலைக்கு மேலே ஒரு வலைக்கயிறு கட்டியிருந்தது. அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்தான் அண்ணன் அம்புறோஸ்.

இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்து ஏழு வருஷம். காரணம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மடு அகதி முகாமில் இருந்த காலத்தில் லூசியா இராமலிங்கத்தைக் கட்டினாள். அவன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி முருங்கன் பக்கம் வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து, சூசை என்று பெயரும் வைத்தார்கள். ஊர் அந்தப் பெயரைக் கோயில் பதிவோடு விட்டுவிட்டது. அம்புறோஸ் ஒரு படி மேலே போய், தோட்டக்காட்டானுக்குத் தன் வாசல் படலைக்குள்ளே இடமில்லை என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

படலை போகட்டும். லூசியாவுக்கு அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. நாவலடித்துறையில் சந்தியோகுமையோர் திருநாளுக்கு முதல் நாள் வேஸ்பர் என்கிற மாலைச் செபம் முடிந்ததும் புனிதரின் சொரூபக் கூடு ஊரைச் சுற்றி வரும். அதைத் தூக்குகிற தோள்கள் பரம்பரைத் தோள்கள். தகப்பனின் இடம் மகனுக்கு. நடு வழியில் தோள் நொந்தால் மகனிடம் மாற்றலாம், மச்சானிடம் மாற்றலாம், வேறு ஒருத்தரும் கிட்டப் போக முடியாது. அம்புறோசின் மச்சான் இராமலிங்கம் ஏழு திருநாளும் பெண்களோடு பின்னால் நடந்து மெழுகுதிரி பிடித்தான். மெழுகுதிரி அணைந்தால் கொளுத்திக் கொடுக்கவும் ஆளில்லை என்று லூசியா சொல்லி அழுவாள்.

சமாதான ஒப்பந்தம் வந்து, றோட்டெல்லாம் திறந்த பிறகு வந்த இளம் பாதர்தான் இதில் கை வைத்தார். கடலில் நீந்தி, பிறகு சைக்கிளில் மன்னார்ப் பாலம்வரை போய்த் திரும்பி, தலைமன்னார் இறங்குதுறைக்கும் போய் வந்து, கடவையில் சைக்கிளை விட்டு, அதற்குப் பிறகு கரை வழியாக ஓடி வந்து கோயில் வாசலில் முடிக்கிற முப்போட்டி. முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு கோப்பை. ஆனால் நேரத்துக்குள் முடிக்கிற அத்தனை பேருக்கும் அந்த வருஷக் கூட்டில் தோள் கொடுக்க இடம். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்ற கேள்வி கிடையாது. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பாதர் காது கேளாத மாதிரி இருந்துவிட்டார்.

நேரத்துக்குள் என்றால் நேரத்துக்குள்தான். கடலையும் றோட்டையும் நேவி இரவல் தந்திருந்தது. கடலில் இத்தனை மணிக்குப் பிறகு ஒரு தலையும் தெரியக்கூடாது. றோட்டில் பத்தரைக்குப் பிறகு போட்டிச் சைக்கிள் ஒன்றும் ஓடக்கூடாது. பத்தரைக்குக் கடவையில் கயிறு விழும். விழுந்தால் பின்னால் வருகிறவன் சைக்கிளோடு உழவு மிசினில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசி எல்லை பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் அடிக்கிற திருந்தாதி மணி.

கயிறு பிடிக்க அம்புறோசை ஏன் போட்டார்கள் என்றால், போன வருஷம் அவர் சொந்தப் பெண்சாதியின் தம்பி ஐந்து பாகத் தூரத்தில், முப்பது அடியில், வந்துகொண்டிருக்க, அவன் கும்பிடக் கும்பிடக் கயிற்றை இறக்கிய மனிதர். அதற்குப் பிறகு ஊரில் யாராவது மனம் இரங்காமல் நடந்தால், அம்புறோசின் கயிறு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வருஷம்தான் இராமலிங்கம் முதல்முறையாகப் போட்டியில் இறங்கியிருந்தான். பெண்சாதியின் தம்பிக்கே இப்படி என்றால் தோட்டக்காட்டானுக்கு எப்படி இருக்கும்? இவர் நேரத்துக்கு முந்தியே கயிற்றை இறக்குவார் என்று லூசியா அடித்துச் சொன்னாள். அதைக் கண்ணால் பார்த்துப் பாதரிடம் சொல்லத்தான் வந்து நின்றாள். அவளிடம் மணிக்கூடு இல்லை. ஆனால் தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குப் போகிற பத்தரை பஸ் இருந்தது. அந்த பஸ் பிந்தி வந்ததுண்டு, வராமலே விட்டதுமுண்டு. முந்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து கயிற்றுக்குக் கீழே போயின. இராமலிங்கத்தைக் காணவில்லை. அவன் நீந்தப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகு. தண்ணீரில் பிந்துவான் என்பது தெரிந்ததுதான். ஆனால் நாள்தோறும் மீன்பெட்டி கட்டி மன்னார்ச் சந்தைக்கு மிதிக்கிறவன் சைக்கிளில் பிந்தமாட்டானே என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

கயிறு விழவில்லை.

கயிறு விழும்வரை ஒரு வண்டியும் விடக்கூடாது என்ற உத்தரவுப்படி நேவிக்காரன் கையை நீட்டி பஸ்ஸை மறித்தான். றைவர் பாம் பாம் என்று கோன் அடித்தான். ஆட்கள் இறங்கி நிழல் தேடினார்கள். அம்புறோஸ் ஒருமுறை கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு முன்போலவே நின்றார். லூசியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் இருந்த ஒரு கிழவி இறங்கி, வெற்றிலை போட்டு முடித்து, துப்பவும் செய்தாள். கயிறு அப்படியே இருந்தது.

பிறகுதான் இராமலிங்கம் வந்தான். முன் ரயர் காற்றுப் போய் றிம்மில் ஓடிக்கொண்டு வந்தான். முழங்கால் உரசி இரத்தம். கயிற்றுக்குக் கீழே போகும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். அம்புறோஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கும் பிறகுதான் கயிறு கீழே வந்தது.

லூசியா தேசிக்காய்த் தண்ணீரைத் தானே குடித்தாள். அண்ணன் பொறுத்திருக்கிறார். அதுவும் யாருக்கு. சந்தோசம் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேலே வரவில்லை. ஏழு வருஷம் இரங்காதவர் இன்றைக்கு ஏன் இரங்க வேண்டும்?

*

ஓட்டத்தில் இராமலிங்கத்தைப் பிடிக்க நாவலடித்துறையில் கால்கள் இல்லை. சின்ன வயதில் மலையில் ஏறி இறங்கிய கால்கள். பன்னிரண்டு மணி அடிக்க முந்தியே கோயில் வாசல் மணலில் வந்து குப்புற விழுந்தான். அவனோடு பிந்தி வந்த மற்ற இரண்டு பேரும் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று லூசியா தேடிப் போனாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்லித் தொடங்குவது என்று நடந்துகொண்டே யோசித்தாள். அவர் கோயில் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, கோபுரத்து மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையைப் பார்த்தார். மறுபடியும் கோபுரத்தை. முகத்தில் இருந்த தண்ணீரைத் துடைக்கவும் மறந்து, கைமணிக்கூட்டின் திருகை இழுத்துத் திருப்பினார்.

திருப்பி முடிக்கும்போதுதான் தங்கச்சியைக் கண்டார். சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டை மறைத்தார். கிணற்றைச் சுற்றி மற்றப் பக்கத்தால் போய்விட்டார்.

*

பின்னேரம் ஆவதற்குள் நேவிப் பெரியவர் ஜீப்பில் வந்தார். றோட்டை அரை மணி நேரம் பிந்தித் திறந்திருக்கிறார்கள், பஸ் நின்றது, முகாமின் தண்ணீர் வண்டியும் நின்றது. கயிறு பிடித்த ஆள் யார், ஏன் பிந்தினது, நாளைக்குக் காலையில் பதில் வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவரோடு வந்த சிவில் உடுப்புக்காரன், புலனாய்வுக்காரன் ஒருவன், ஜீப்பில் ஏறாமல் பந்தலடியிலேயே நின்றுகொண்டான்.

விழாக் குழுத் தலைவர் செபமாலையார் உடனே ஆட்களைக் கூட்டினார். முப்போட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு நெஞ்செரிவு. இப்போது மருந்து கிடைத்த மாதிரி முகம். போன வருஷம் பெண்சாதியின் தம்பிக்கு விழுந்த கயிறு இந்த வருஷம் தங்கச்சியின் புருசனுக்கு ஏன் விழவில்லை என்று கேட்டார். அண்ணனும் தங்கச்சியும் கதைக்கிறதில்லை என்பதெல்லாம் ஊருக்குக் காட்டுகிற நாடகமாக இருக்கலாம் என்றும் சொன்னார். ஆட்கள் தலையாட்டினார்கள். சந்தேகத்துக்குத் தலையாட்டக் காசு செலவில்லை.

அம்புறோஸ் கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டினார். கோபுரத்து மணியோடு அது இம்மியும் பிசகாமல் நின்றது.

"என்ர மணிக்கூட்டில பத்தரை ஆகேக்கை கயிறு விழுந்தது" என்றார்.

பாதர் அந்த மணிக்கூட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். போட்டிக்கு மணிக்கூடு கணக்கில்லை, கயிறுதான் கணக்கு. கயிறு தவறுதலாகப் பிந்தி விழுந்திருந்தால் இராமலிங்கம் ஓடியது ஓடியதுதான், கூட்டுக்குத் தோள் கொடுக்கலாம். தெரிந்துகொண்டே பிடித்து வைத்திருந்தால் அவனுடைய ஓட்டம் செல்லாது. எது நடந்தது என்று அம்புறோஸ் கூடு வெளிக்கிட முந்திச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற லூசியா எல்லாவற்றையும் கேட்டாள். அவர் கிணற்றடியில் மணிக்கூட்டைத் திருப்பியதைக் கண்டவள் அவள் ஒருத்திதான். தவறு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. சொல்லாமல் ஏன் மறைக்கிறார்? வேண்டுமென்றே அவனை விட்டு, ஓட வைத்து, ஊர் முன்னால் கள்ளன் என்று நிறுத்துகிற திட்டமோ? கயிறு விழுந்திருந்தால் தோல்வியோடு போயிருக்கும். இப்போது பழியும் சேர்ந்துவிட்டது. அம்புறோஸ் மெதுவாகக் கொல்லுகிற ஆள் என்று அவள் முடிவு கட்டினாள்.

*

வீட்டில் இராமலிங்கம் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்தான். ஊர்க் கதை அவன் காதுக்கும் வந்துவிட்டது. லூசியா சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"நீ போய்க் கேட்டியா?" என்றான்.

"என்னத்தை?"

"அண்ணங்கிட்ட. கயித்தப் புடிச்சு வைங்கன்னு. நீ ஏன் அங்க போய் நின்ன? போத்தலோட?"

அண்ணனைப் பிடித்துக் கொடுக்கத்தான் போனேன் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் மாதிரி அவள் காதுக்கே கேட்டது. இராமலிங்கம் தன் உரசிய முழங்காலைப் பார்த்துக்கொண்டே, பிச்சை எடுத்துத்தான் அந்தக் கூட்டைத் தூக்க வேண்டுமென்றால் தனக்கு மெழுகுதிரியே போதும் என்றான். கட்டியவனும் சந்தேகப்படுகிறான். அவள் அழவில்லை. கோபம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அம்புறோஸ் வீட்டில் இல்லை. அவர் பெண்சாதி கிறேஸ்தான் திருநாளுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மனுசி. புருசனுக்குத் தெரியாமல் லூசியாவுக்குக் கருவாடு கொடுத்தனுப்புகிறவள். லூசியாவைப் படலைக்குள் கண்டதும் பதறிக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

மனுசன் நேற்றுப் பின்னேரம்தான் நீர்கொழும்பால் வந்தவர் என்று கிறேஸ் சொன்னாள். மகன் நிக்சன் அங்கே எஞ்சின் வேலை பழகுகிறான் அல்லவா, உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போனும் இல்லை, அதுதான் போய்ப் பார்த்து வந்தார். பிள்ளை சுகமாக இருக்கிறானாம், கொஞ்சம் மெலிந்துவிட்டானாம். திருநாளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அவனுடைய தோளுக்கு அளவாகக் கூட்டுத் தடியில் துணி சுற்றித் தைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வருஷம் தூக்கட்டும் என்றாள்.

லூசியா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எண்ணெய்ச் சட்டியின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

நம்முடைய ஊர்களில் அப்போது நேரம் இரண்டு. அரசாங்கம் சில வருஷங்களுக்கு முந்தி மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளியது. உயிலங்குளத்துச் சோதனைச் சாவடிக்கு அப்பால், அரசோடு சண்டை பிடித்த இயக்கப் பெடியங்களின் பக்கம், அதை ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே பழைய நேரம், இங்கே புதிய நேரம், நடுவில் அரை மணி. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மணிக்கூட்டைத் திருப்புவது மூக்கைச் சிந்துவது மாதிரிப் பழகிப்போன காரியம். திரும்பி வரும்போது திருப்ப மறப்பதும் உண்டு.

ஆனால் அரசாங்கத்துப் பக்கமான நீர்கொழும்பில் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைக்க வேண்டிய தேவை யாருக்கு?

*

அம்புறோஸ் கடற்கரை மீன்வாடியில் கவிழ்த்த வள்ளத்தின் மேல் தனியே இருந்தார். தங்கச்சி வருவதைக் கண்டும் எழும்பவில்லை.

"அண்ணா, நீங்கள் நீர்கொழும்புக்குப் போகேல்லை" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"உங்கட மணிக்கூடு."

அவர் கையைத் திருப்பி அந்த மணிக்கூட்டைப் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மறுக்கவில்லை.

"நிக்சன் அங்கை, இயக்கத்திலயோ?"

"அங்கைதான் எண்டு ஒருத்தன் வந்து சொன்னவன். போனனான். அவங்கட முகாம் வாசலில நிண்டனான். நாளைக்கு எட்டு மணிக்கு வாங்கோ அப்பா எண்டாங்கள். அவங்கட எட்டு மணி. பிந்தக்கூடாது எண்டு மணிக்கூட்டை மாத்தினனான். போனனான். பிறகும் நாளைக்கு எண்டாங்கள். மூண்டாம் நாள், இனி வரவேண்டாம் எண்டிட்டாங்கள்."

"பிள்ளை உயிரோட..."

"அதைத்தான் கேட்டனான். ஓம் எண்டும் சொல்லேல்லை. இல்லை எண்டும் சொல்லேல்லை."

லூசியா மணலில் உட்கார்ந்துவிட்டாள். நிக்சனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அழுகை வந்த அதே வேளையில் அவளுக்குள்ளே இன்னொருத்தி விழித்துக்கொண்டாள். இதுவும் உண்மைதானா? என் வாயைக் கட்ட இதைவிட நல்ல கதை வேறு உண்டா? ஏழு வருஷம் கதைக்காதவர் இன்றைக்கு ஏன் எல்லாவற்றையும் கொட்டுகிறார்? இப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மணிக்கூடு பழைய நேரத்தில் நின்றது என்று சொன்னால் போதுமே, பாதர் ஒத்துக்கொள்வாரே என்று கேட்டாள். அதற்கு அவர், அதைச் சொன்னால் அடுத்த கேள்வி அங்கே ஏன் போனாய் என்பதுதான், அதைக் கேட்கத்தான் பந்தலடியில் ஒருத்தன் நிற்கிறான் என்றார். அங்கே மகன் இருக்கிற வீடு என்று தெரிந்தால் பிறகு அந்த வீட்டுக்கு நித்திரை இல்லை. நேவியைக்கூடச் சமாளிக்கலாம், கிறேசை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்.

"அதுக்கு என்ர மனுசன் கள்ளனோ?"

அவர் வள்ளத்தின் பலகையை நகத்தால் சுரண்டினார்.

லூசியா எழும்பி மணலைத் தட்டினாள்.

"கூடு வெளிக்கிடுற மணி அடிக்கும்வரை பாத்துக்கொண்டு நிப்பன். அதுக்கு முந்தி நீங்கள் அவரைக் காப்பாத்தேல்லை எண்டால், என்ர கயிறும் விழும் அண்ணா. நானும் உங்கட தங்கச்சிதான்."

*

பொழுது படுகிற நேரம் வேஸ்பர் முடிந்தது. கூடு வாசலுக்கு வந்தது. வெள்ளைக் குதிரையில் சந்தியோகுமையோர், சுற்றிவரப் பூவும் லைற்றும். முன் தடியின் வலப்பக்கம் அம்புறோசின் இடம். நேரத்துக்குள் முடித்த பெடியங்கள் பின் தடியில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இராமலிங்கம் வழக்கம்போலப் பின்னால், கையில் மெழுகுதிரி. அவன் வரமாட்டேன் என்றவன்தான். வராவிட்டால் கள்ளன் ஒளித்துவிட்டான் என்பார்கள் என்று லூசியாதான் இழுத்து வந்தாள்.

சிவில் உடுப்புக்காரன் பந்தல் காலில் சாய்ந்து நின்றான். மணி அடிக்கிறவர் கயிற்றில் கை வைத்தார். லூசியா பாதரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். சத்தியமாகச் சொல்வேன் என்றுதான் எடுத்து வைத்தாள்.

அம்புறோஸ் அவளைக் கண்டார். பாதருக்கு முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கயித்தைத் தெரிஞ்சுதான் பிடிச்சு வைச்சனான் பாதர். தங்கச்சி புருசன் எண்டதால. அவருக்கு ஒண்டும் தெரியாது. பிழை என்ர. இனி நான் கயிறு பிடிக்கமாட்டன்."

கூட்டத்தில் ஒரு சளசளப்பு எழுந்தது. அம்புறோசின் கயிறு என்று சொல்லித் திரிந்த அத்தனை வாயும் இப்போது வேறு சொல் தேடியது. செபமாலையார் தொண்டையைச் செருமினார். அப்படியென்றால் ஓட்டம் செல்லாது, கூட்டில் இடமில்லை என்று தீர்த்துவிட்டார். பந்தல் காலில் சாய்ந்திருந்தவன் சிரித்துவிட்டு, பீடி பற்ற வைக்க வெளியே போனான். குடும்பக் கதை அவனுக்குத் தேவையில்லை.

லூசியா எடுத்து வைத்த அடியோடு நின்றாள். இவர் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டார். என் மனுசனை மறுபடியும் வெளியே நிறுத்திவிட்டார். மணி அடிக்கத் தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்புறோஸ் தன் இடத்துக்குப் போய்த் தடியைத் தோளில் வாங்கியிருந்தார். கூடு எழும்பியது. ஓர் அடி, இரண்டு அடி. பிறகு நின்றார்.

"தோள் நோகுது" என்றார். "மச்சான், வாரும். தோள் மாத்தும்."

யாரைக் கூப்பிடுகிறார் என்று முதலில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. இராமலிங்கத்துக்கும் விளங்கவில்லை. அவன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். ஏழு வருஷமாக அந்தச் சொல் அவனுக்கு இருக்கவில்லையே. செபமாலையார் வாயைத் திறந்தார், மூடினார். ஓட்டம் செல்லாது என்று சொல்லலாம். தங்கச்சியைக் கட்டியவன் மச்சான் இல்லை என்று எந்தக் குழு சொல்ல முடியும்?

இராமலிங்கம் லூசியாவைப் பார்த்தான். போகச் சொல்கிறாயா என்று கேட்கிற பார்வை. அவள் தலையை அசைத்தாள். அவன் மெழுகுதிரியை அவளிடம் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்த் தோளைக் கொடுத்தான். கூடு கொஞ்சம் ஆடியது, பிறகு நிமிர்ந்தது. அவன் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை.

லூசியா ஏழு வருஷம் கேட்ட வரம் கண்ணுக்கு முன்னால் நடந்து போனது. அவளுக்கு ஏன் நெஞ்சு நிறையவில்லை? இது பாசமா, வாய்ப்பூட்டா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அம்புறோஸ் வெறுந்தோளோடு ஓரமாக நடந்தார். அவளைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். கிறேஸ். அவள் கண் கூட்டின் முன் தடியில் இருந்தது. அங்கே இராமலிங்கத்தின் தோளுக்குக் கீழே, அவள் தன் கையால் தைத்துச் சுற்றிய துணி.

"அது நிக்சன்ர இடமெல்லோ" என்றாள். கோபமில்லை. கேள்விதான். "அவன் வருவான் எண்டால், இவர் ஏன் அதை இண்டைக்குக் குடுத்தவர்?"

லூசியா மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தாள்.

"பிள்ளை சுகமாத்தானே இருக்கிறான், மச்சாள்? உனக்கும் சொன்னவரே?"

அங்கே முகாம் வாசலில் நின்றவர்கள் சொல்லாத சொல்லை இங்கே அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓம்" என்றாள் லூசியா.

கிறேஸ் அவள் கையை விடவில்லை. கூடு வளைவில் திரும்பி, லைற் வெளிச்சம் அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது.

"நேற்று இவர் படுத்த பிறகு நான் அந்த மணிக்கூட்டைப் பாத்தனான்" என்றாள் கிறேஸ் மெதுவாக. "அரை மணி பின்னால நிண்டது. பற்றரி போகுதாக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்குச் சரியா நிக்குது."

அவள் லூசியாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அதில பற்றரி பிழை ஒண்டும் இல்லை. என்ன, லூசியா?"